ஆல்பர்ட் ஆன்மாவுக்கு ஒரு பூசை

பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள், அவர்கள் பிறந்த நேரத்தில் வானத்தில் என்ன நடந்தது என்று தொடங்குவார்கள். எடைமேடை பாஸ்கல் பிறந்தபோது மரக்காணத்து வானத்தில் மழை கூடிக்கொண்டிருந்தது. அப்பா சவரிமுத்து, பிறந்த பிள்ளையைப் பார்க்க வராமல், குவித்து வைத்திருந்த உப்பைக் கீற்றால் மூட ஓடிவிட்டார். நனைந்தால் கரைவது உப்புதான், பிள்ளை கரையாது என்று அவர் பிற்பாடு சொன்ன நியாயத்தில் யாரும் பிழை கண்டதில்லை.

அந்தக் கரையாத பிள்ளைக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் உப்பு லாரிகளை எடை போடும் மேடையில் வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, லாரி ஏறியதும் எண்ணைப் பார்த்து, பொத்தானை அழுத்தி, சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். அந்த மேடைக்கு ஒரு குணம் உண்டு. பத்து கிலோவுக்குக் குறைந்த எதையும் அது மதிக்காது. டிரைவர் மடியில் ஒரு கோழி இருந்தாலும் அதே எண், கோழி பறந்துபோய்விட்டாலும் அதே எண். இப்படிப்பட்ட தராசோடு பாதி ஆயுளைக் கழித்த மனிதருக்கு, சின்ன விஷயங்களுக்கு எடை கிடையாது என்ற தத்துவம் தானாக வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

லாரிக்கும் லாரிக்கும் நடுவே அவர் வரலாற்று நாவல் எழுதினார்.

நாவலின் பெயர் ‘இரண்டு பட்டாளம்’. நம் ஊருக்கு வடக்கே கடலோரம் இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டைதான் களம். காலம், பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் நம் மண்ணில் நின்றுகொண்டு தங்கள் பங்காளிச் சண்டையைத் தீர்த்துக்கொண்ட காலம். கோட்டைக்குள் பிரெஞ்சுப் பட்டாளத்தில் அண்ணன். பெயர் சவரிராயன். மீசை, மார்பு, குதிரை எல்லாம் அளவுக்கு அதிகமாகவே உள்ளவன். கோட்டைக்கு வெளியே இங்கிலீஷ் பட்டாளத்தில் தம்பி. அந்தத் தம்பி ஒருநாள் உள்ளே வந்து, கதவைத் திறந்துவிட்டு, கோட்டை விழக் காரணமாகி, கடைசி அத்தியாயத்தில் அண்ணன் மடியில் தலை வைத்துச் சாகிறான். தம்பியின் பெயர் ஆல்பர்ட்.

பாஸ்கலுக்கு ஒரு தம்பி உண்டு. அவர் பெயரும் ஆல்பர்ட். நாயகனுக்குத் தன் பெயரை வைக்கப் பாஸ்கலின் அடக்கம் இடம் தரவில்லை. துரோகிக்குத் தம்பியின் பெயரை வைக்கும்போது அந்த அடக்கம் எங்கோ டீ குடிக்கப் போயிருந்தது.

பஸ் நிலையத்துக்கு எதிரே அச்சகம் வைத்திருக்கும் முஜீப் ரஹ்மான்தான் முதல் வாசகர். வேறு வழியில்லாமல் வாசகரானவர்.

"பாஸ்கலண்ணா, ஒரு டவுட்டு. அந்தக் காலத்துல வேதக்காரங்க ஆல்பர்ட்னு பேர் வெப்பாங்களா? ராயப்பன், சின்னப்பன்னுதானே இருக்கும்?"

"ஞானஸ்நானம் குடுத்த சாமியார் வெள்ளைக்காரரு பாய்."

"சரி. மச்சத்தையும் அவருதான் குடுத்தாரா? இடது புருவத்துக்கு மேல மச்சம்னு போட்டிருக்கீங்க. உங்க தம்பிக்கு அங்கதானே இருக்குது?"

"அது இலக்கியத்துக்கு."

"விரலெல்லாம் கருப்பு ஏறியிருக்கும்னும் எழுதியிருக்கீங்க. பஞ்சர் கடைக்காரர் விரல் மாதிரி."

"பீரங்கி மருந்து பாய் அது. படிக்காம பேசாதே."

"படிச்சதாலதான் பேசறேன்" என்றார் முஜீப். "அல்லா மேல பாரத்தைப் போட்டு அடிக்கறேன். நாளைக்கு அவரு வந்து கேட்டா, நான் வெறும் பேப்பர் கடைக்காரன்."

ஆல்பர்ட் பஞ்சர் கடை வைத்திருந்தது எடைமேடையிலிருந்து கூப்பிடு தூரத்தில். ஆனால் அண்ணனும் தம்பியும் கூப்பிட்டுக்கொள்வதில்லை. அப்பா செத்த பிறகு இருவருக்கும் இடையே தூதரக உறவு மட்டும்தான் இருந்தது. தூதர்கள் லாரி டிரைவர்கள். எடை போட வருகிறவன் டயர் பார்க்கவும் போவான் என்பதால் இந்த ஏற்பாடு வசதியாக இருந்தது. "உங்க அண்ணி வீட்ல மீன் குழம்பாம், பொண்ணு ரோஸ்லினை வரச் சொன்னாரு" என்று ஒரு டிரைவர் போய்ச் சொல்வார். "புள்ள சாப்ட்டுட்டா, குழம்புல உப்பு கம்மின்னு சொல்லச் சொன்னாரு" என்று இன்னொரு டிரைவர் வந்து சொல்வார். உப்பு லாரியில் வந்த செய்தி அது.

உறவு இப்படிச் சுருங்கியதற்குக் காரணம் அப்பாவின் கால்.

சவரிமுத்துவுக்குச் சர்க்கரை. வாழ்நாள் முழுக்க வெறுங்காலோடு உப்பளத்தில் நடந்தவர். காலில் புண் வந்து, கறுத்து, புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்த காலைக் குடும்பக் கல்லறையில் புதைத்து, மேலே சின்னதாக ஒரு சிலுவையும் நட்டார்கள். "என்னை அட்வான்ஸ் புக்கிங் பண்ணிட்டாங்க" என்று கிழவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. கட்டிலில் கிடந்தபடி பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வி கேட்டார்: "என் காலை எடுக்கச் சொன்னது யாரு?"

"நான்தாம்பா" என்பார் ஆல்பர்ட்.

பாஸ்கல் ஒன்றும் சொல்ல மாட்டார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தம்பியை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைதான் பிற்பாடு நாவலின் பதினெட்டாம் அத்தியாயமாக வளர்ந்தது. அதில் கோட்டைக் கிழவர் ஒருவர், "கதவைத் திறந்தது யார்?" என்று கேட்டபடியே கண் மூடுகிறார்.

நாவல் முடிந்ததும் பாஸ்கலுக்கு ஒரு சங்கடம் வந்தது. தம்பி ஆல்பர்ட்டைக் கொல்லும் இடத்தை எழுதியபோது அவர் கூண்டுக்குள் அழுதுவிட்டார். வெளியே ஒரு லாரி ஆரன் அடித்துக்கொண்டே நின்றது. அழுகை கூடப் போய்விடும். போகாதது வேறொன்று. கதையில் தம்பி பாவசங்கீர்த்தனம் செய்யாமல், சாமியார் எண்ணெய் பூசாமல் செத்துவிட்டான். வேதக்கார வீட்டில் பிறந்து, கற்பனையில்கூட ஒருவனை அப்படி அனுப்பிவைப்பது அவருக்கு உறுத்தியது. அத்தியாயத்தைத் திருத்தி ஒரு சாமியாரைக் கொண்டுவரலாம் என்றால், குண்டு பறக்கும் இடத்தில் சாமியார் எப்படி வருவார்? வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆகவே இலக்கியத்துக்கும் விசுவாசத்துக்கும் ஒரே சமயத்தில் நியாயம் செய்ய நினைத்து, கோவில் உபதேசியாரிடம் போனார்.

"ஒரு பூசை வெக்கணும்ங்க. ஆல்பர்ட்னு. எங்க குடும்பத்துல ஒருத்தரு."

"எப்ப தவறினாரு?"

"அது ஆச்சுங்க, எரநூறு வருஷத்துக்கு மேல."

உபதேசியார் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. "பரவால்லைங்க. உத்தரிக்கிற ஸ்தலத்துல காத்திருக்கிற ஆத்துமாவுக்குக் கேலண்டர் கிடையாது. எந்த ஞாயிறு காலியா இருக்குதோ அதுல போட்டுடறேன்."

இதே வாரத்தில்தான் கார்த்திகேசன் என்ற உப்பு லாரி டிரைவர், எடைச் சீட்டுக்குக் கையை நீட்டியபடி ஒரு தூது சொன்னார். ஆல்பர்ட்டின் மகள் ரோஸ்லினுக்குக் கல்யாணம் அமைந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு ஊர் பெரிய முதலியார்சாவடி. "பெரியப்பாதான் மொத சிலுவை போடணும்னு பொண்ணு சொல்லுதாம். உங்க தம்பியும் சரின்னுட்டாரு."

நம் பக்கத்து வேதக்கார வீடுகளில் பெண் கோவிலுக்குக் கிளம்புமுன் குடும்பத்துப் பெரியவர்கள் வரிசையாக வந்து அவள் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைவார்கள். முதல் சிலுவை மூத்தவருடையது. சவரிமுத்து இல்லாத வீட்டில் அது பாஸ்கலுடையது. பாஸ்கலுக்குப் பிள்ளை இல்லை. ரோஸ்லின் நெற்றியை விட்டால் அவர் விரலுக்கு வேறு நெற்றி கிடையாது.

"சொன்னாரா? தம்பியே சொன்னாரா?"

"சொன்னாருங்க. டியூபை உருவிட்டே சொன்னாரு."

அன்று பாஸ்கல் அடுத்தடுத்து வந்த லாரிகளுக்குச் சீட்டை மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டார். உப்பு ஏற்றிக்கொண்டு போன ஒரு லாரி, காலியாக வந்ததைவிட லேசாகிப் போனதாக ரசீது இருந்தது.

கோவிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை படிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்ற அறிவிப்பு. ரோஸ்லினின் முதல் ஓலை படித்த ஞாயிறன்று மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேன் பிடித்து வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆல்பர்ட் புது வெள்ளைச் சட்டையில், எண்ணெய் தேய்த்தும் போகாத கருப்பு விரல்களை மறைத்துக் கைகட்டி நின்றார். அந்தப் பக்கத் தூணோரம் பாஸ்கல். அண்ணனும் தம்பியும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள். தலையசைத்ததாகவும் சாட்சிகள் உண்டு.

மன்றாட்டு நேரம் வந்தது. உபதேசியார் மைக்கைச் சரிசெய்துகொண்டு, நல்ல கணீர்க் குரலில் வாசித்தார்: "சவரிமுத்து குடும்பத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் அவர்களின் ஆன்மா நித்திய இளைப்பாற்றி அடைய, பாஸ்கல் குடும்பத்தார் இத்திருப்பலியை ஒப்புக்கொடுக்கிறார்கள்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது சபை.

சபையோடு சேர்ந்து ஆல்பர்ட்டும் சொன்னார். பழக்கம். சொல்லி முடித்த பிறகுதான் தான் யாருக்காக மன்றாடினோம் என்பது அவருக்கு எட்டியது. திருச்சபையின் நீண்ட வரலாற்றில் தன் ஆன்மாவின் இளைப்பாற்றிக்குத் தானே நின்றுகொண்டு வேண்டியவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

பூசை முடிவில் ஓலை படித்தார்கள். ஆல்பர்ட்டுக்கும் மேரிசெல்விக்கும் பிறந்த ரோஸ்லின் என்று பெயர் வந்ததும் மூன்றாம் வரிசையில் ஒரு சலசலப்பு. வெளியே வேப்பமரத்தடியில் மாப்பிள்ளையின் அத்தை, ரகசியம் பேசும் குரலில் ஊருக்கே கேட்கும்படி கேட்டார்: "பொண்ணுக்கு அப்பா இல்லன்னு நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"நான்தாங்க அப்பா" என்றார் ஆல்பர்ட்.

"அப்ப செத்தது?"

"அதுவும் நான்தாங்க." அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. "ஆனா அது வேற."

ரோஸ்லின் கழுத்து வரை சிவந்து நின்றாள். மேரிசெல்வி, ஓலை படிக்கிற அன்றைக்கு இப்படி ஒரு சகுனமா என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வேதத்தில் சகுனத்துக்கு இடமில்லை. மேரிசெல்விக்கும் அது தெரியும். தெரிந்து என்ன செய்ய?

கல்யாணம் நிற்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள், வேனில் திரும்பும்போது ஊர் போய்ச் சேரும் வரை சிரித்துக்கொண்டே போனதாகக் கேள்வி. நின்றது தூதுதான். டிரைவர்கள் சீட்டை வாங்கினார்கள், சும்மா போனார்கள். "ஏதாச்சும் சொன்னாரா?" என்று பாஸ்கல் கார்த்திகேசனைக் கேட்டார். "டயர்ல காத்து இருக்குதுன்னாருங்க" என்றார் கார்த்திகேசன். பிறகு முஜீப் ரஹ்மான் வந்து வாக்குமூலம் கொடுத்தார்: ஆல்பர்ட் அச்சகத்துக்கு வந்து ஒரு பிரதி வாங்கிப் போனார். "நான் வெறும் பேப்பர் கடைக்காரன்னுதான் சொன்னேன். அவரு கேக்கவே இல்ல. அதான் பயமா இருக்குது."

கடைசி ஓலையும் படித்தாகிவிட்ட பிறகு, பாஸ்கல் கூண்டைப் பூட்டிவிட்டுத் தம்பி கடைக்கு நடந்தார். பட்டப்பகல். ஆல்பர்ட் ஒரு லாரி டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழ் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது வேற ஆல்பர்ட்டுடா" என்றார் பாஸ்கல். இவ்வளவு காலத்துக்குப் பிறகு தம்பியிடம் நேரில் பேசிய முதல் வார்த்தை.

"தெரியும். படிச்சேன்."

"முழுசாவா?"

"எட்டாவதுக்கு அப்புறம் முழுசா படிச்சது அதுதான்."

"எப்படி இருந்துச்சு?"

எழுத்தாளர்களுக்குத் தூக்குமேடையிலும் வேறு கேள்வி வராது.

"குதிரையெல்லாம் நல்லா ஓடுது." ஆல்பர்ட் டியூபைக் கொஞ்சம் திருப்பி முக்கினார். "நாம ஆலம்பரைக்கு சைக்கிள்ல போய் கோட்டை பிடிச்சு விளையாடுவோமே. அப்பவும் நான்தான் எதிரி. சின்னவன்னு நீ ஒருநாளும் மாத்தி குடுத்ததில்ல. அதனால கொன்னதுகூட பரவால்லண்ணா. கதவைத் தொறந்தவன்னு எழுதினே பாரு, அதான்."

"கதைடா அது."

"கதைதான். தொறக்கறதுக்கு முன்னாடி அவன் அண்ணனைக் கேட்டானே, அதை ஏன் விட்டுட்டே?"

"யாரு கேட்டா?"

"நான். ஆஸ்பத்திரி வராண்டால நின்னுட்டு போன் பண்ணேன். காலை எடுக்கலன்னா மேல ஏறிடும்ங்கிறாங்க, நீ பெரியவன், என்ன பண்ணட்டும்னு கேட்டேன். பின்னால லாரி ஆரன் கேட்டுச்சு. எழுதிட்டிருக்கேன், கப்பல் மூழ்கற இடம்னே. அப்புறம் ‘உன் இஷ்டம்பா’ன்னு வெச்சிட்டே."

தொட்டியில் குமிழ் வந்தது. சின்னச் சின்னக் குமிழ்கள், ஒன்றன்பின் ஒன்றாக. ஆல்பர்ட் அந்த இடத்தை விரலால் பொத்திக்கொண்டார்.

பாஸ்கலுக்குக் கப்பல் நினைவிருந்தது. அது மூழ்கிய விதம், பாய்மரம் சாய்ந்த திசை, எல்லாம் நினைவிருந்தது. போன் வந்தது நினைவில்லை. அந்த இரண்டு சொல்லும் பத்து கிலோவுக்குக் குறைவு.

"அப்பா கேட்டப்பல்லாம் நான்தாம்பான்னு சொன்னேன். அண்ணனைக் கேட்டுத்தான் பண்ணேன்னு ஒருநாளும் சொல்லல. சாகப்போற மனுசன் ஒருத்தன்மேல கோவப்பட்டா போதும், எதுக்கு ரெண்டு பேருன்னு. நீ அந்தப் பக்கம் உக்காந்து என்னையே பார்த்துட்டிருந்தே. நானும், நீ இன்னிக்குச் சொல்லிடுவே, நாளைக்குச் சொல்லிடுவேன்னு பார்த்துட்டிருந்தேன்."

லாரி ஒன்று சாலையில் வேகம் குறைத்து, கடையில் கூட்டம் என்று நினைத்து நிற்காமல் போனது.

"கல்யாணத்துக்குக் கோவிலுக்கு வா" என்றார் ஆல்பர்ட். "கோவில் எல்லாருக்கும் பொது. வீட்டுக்கு வராதே."

இந்த இடத்தில் ஒரு அண்ணன் சொல்லக்கூடியவை எத்தனையோ உண்டு. வருவேன்டா, யார் தடுக்கறதுன்னு பாக்கறேன் என்று சண்டை போட்டிருக்கலாம். தொட்டியை எட்டி உதைத்திருக்கலாம். சவரிராயனாக இருந்தால் மதில் ஏறிக் குதித்திருப்பான். பாஸ்கல் தலையைக் குனிந்துகொண்டு, மிகுந்த பணிவோடு சொன்னார்:

"சரிப்பா. உன் இஷ்டம்."

ஆல்பர்ட்டின் கை டியூபின்மேல் நின்றது. நிமிர்ந்து அண்ணனை நன்றாக ஒருமுறை பார்த்தார். பிறகு டியூபை எடுத்துத் துடைத்து, ஓட்டை இருந்த இடத்தை உரசத் தொடங்கினார்.

அதன் பிறகு நடந்த இலக்கியப் பணியைப் பதிவு செய்வது என் கடமை. பாஸ்கல் விற்காத பிரதிகளை முஜீப்பின் கடையிலிருந்து தூக்கி வந்தார். அது கிட்டத்தட்ட எல்லாப் பிரதியும். விற்ற சிலவற்றையும் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கினார். கொடுத்தவர்கள் யாரும் வருத்தப்படவில்லை. எடைமேடைக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கோட்டைக் கதவு திறக்கும் பக்கத்தில், ஒவ்வொரு பிரதியிலும் நீல மையால் ஒரு வரியைச் செருகினார்: ‘கதவைத் திறக்கட்டுமா அண்ணா என்று அவன் கேட்டனுப்பினான். உன் இஷ்டம் என்று சவரிராயன் சொல்லியனுப்பினான்.’

முஜீப் படித்துப் பார்த்தார். "இப்பதான் கதை நம்பற மாதிரி இருக்குது. ஆனா ஹீரோ போயிட்டாரே பாஸ்கலண்ணா. கடைசி அத்தியாயத்துல அந்தாளு மடியில போட்டு அவ்ளோ அழறாரு, இனிமே யாரு நம்புவா?"

"யாரும் நம்ப வேணாம் பாய்."

ஒரு பிரதியைக் கார்த்திகேசன் கையில் தம்பிக்குக் கொடுத்தனுப்பினார். பதில் வரவில்லை. டயர் நன்றாக இருந்தால் டிரைவர் அந்தக் கடைக்கு ஏன் போகப்போகிறார் என்று பாஸ்கல் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கல்யாணத்தன்று காலை அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். மனைவி அற்புதமேரிக்குத் தடை இல்லை, அவர் ஆல்பர்ட் வீட்டுக்குப் போயிருந்தார். அடுத்த தெருதான். மேளச் சத்தம் கேட்டது. பாஸ்கல் இரண்டு தடவை எழுந்து வாசல் வரை போனார், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவர் ஆகையால் இரண்டு தடவையும் திரும்பி வந்தார். பிறகு கோவிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ரோஸ்லின் நடுவழியே நடந்து வந்தபோது அவள் நெற்றியைத்தான் பார்த்தார். பவுடர் போட்டிருந்தார்கள். ஒன்றும் தெரியவில்லை.

பூசை முடிந்து கூட்டம் கலைந்தபோது அற்புதமேரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மொத சிலுவை யாரு போட்டா?" என்று கேட்டார் பாஸ்கல்.

"உங்க தம்பிதான்."

"நல்லது. அப்பன்தானே."

"ஒடனே போடலங்க. யாரு மொதல்லன்னு கேட்டாங்க. பொண்ணு மண்டி போட்டிருக்குது, எல்லாரும் நிக்கறாங்க. இவரு வாசலையே பார்த்துட்டு நின்னாரு."

"வாசலையா?"

"வாசலைத்தான். மேளக்காரன்கூட அடிக்கறதை நிறுத்திட்டான். கார் வந்துடுச்சுன்னு மேரிசெல்வி ரெண்டு வாட்டி சொன்னாங்க. அப்புறம்தான் போட்டாரு."

பாஸ்கல் பீடத்தைப் பார்த்தார். அங்கே பூக்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எவ்ளோ நேரம் பார்த்தாரு?"

"நல்லா கேட்டீங்க" என்றார் அற்புதமேரி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் என்ன எடை போட்டுட்டா இருந்தேன்."